கடிதத்துக்கு முன்னால்

மணி பதினொன்று ஐந்து. தபால்காரப் பெண் ஜெயசீலி பதினொன்றரைக்கு முன்னால் வரமாட்டாள், இது எனக்கும் தெரியும், தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பத்தரைக்கே பிரம்பு நாற்காலியை இழுத்து வராந்தாவில் கிரில் கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கிருந்து பார்த்தால் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தெரியும். அவளுடைய ஸ்கூட்டர் அந்தத் தொட்டியைத் தாண்டித் திரும்பும்போதே நான் எழுந்து நின்றுவிடுவேன். நேற்று நின்றேன். முந்தாநாள் நின்றேன். இரண்டு நாளும் அவள் பக்கத்து வீட்டுக்கு எதையோ கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். என் மனைவி செங்கமலம் போபாலில் மகன் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதம் போட்டு இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. போபால் என்ன சந்திர மண்டலத்திலா இருக்கிறது? ரயிலேறினால் மூன்றாம் நாள் மயிலாடுதுறையில் இறங்கிவிடலாம். ஒரு மனுஷி மூன்று நாளில் வரும் தூரத்துக்கு ஒரு காகிதத்துக்குப் பதினோரு நாள். போன வாரம் அமுதன் போனில் சொன்னதிலிருந்து நான் இந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். "அப்பா, அம்மா உங்களுக்கு லெட்டர் போட்டிருக்காங்க" என்றான். "லெட்டரா? எதுக்குடா லெட்டர்?" என்றேன். "எனக்கென்ன தெரியும்? கவர் வாங்கிட்டு வாடான்னாங்க. ஒட்டிக் குடுத்தாங்க. பெட்டியில போட்டுட்டேன்." "ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பியிருக்கலாமே." "நானும் சொன்னேம்ப்பா. வேணாம், மெதுவாவே போகட்டும்னுட்டாங்க." மெதுவாவே போகட்டும். ஒரு வாரமாக இந்த வார்த்தை என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. எதற்கு மெதுவாகப் போகவேண்டும்? நல்ல சேதி என்றால் யாராவது மெதுவாகப் போகட்டும் என்பார்களா? நான் காத்துக்கிடந்து வேகட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். வேகட்டும் என்று நினைக்க அவளுக்கு நியாயம் உண்டு. காலையில் சாப்பிட்ட தட்டு சமையலறைத் தொட்டியில் கிடக்கிறது, போய்க் கழுவலாம். போனால் அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் வந்துவிடும்.

கடிதத்துக்குக் காத்திருப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் பிரிக்கக் காத்திருப்பது புதிது. முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீஸில் தபால் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ஊரில் யார் எந்த மனு எழுதினாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். இடது கையால் கவரை அழுத்திப் பிடித்து, வலது கையால் எஃகு ஸ்கேலை மடிப்புக்குள் விட்டு ஒரே இழுப்பு. உள்ளே இருப்பது கிழியக்கூடாது. தேதி முத்திரை, வரிசை எண், அப்புறம்தான் தாசில்தார் மேஜைக்கு. ஒரு நாளைக்கு நூறு கவர். பட்டா கேட்டவன், பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டதைச் சொன்னவன், பென்ஷன் வராத கிழவி, எல்லாரையும் நான்தான் முதலில் பிரித்தேன். கையில் எடுத்தவுடனே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவேன், சக ஊழியர்கள் டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். தடித்த கவர் என்றால் புலம்பல். புலம்புகிறவனைச் சமாதானம் செய்துவிடலாம். மெல்லிய கவர்தான் ஆபத்து. ஒரே தாள், நாலே வரி, எழுதியவன் முடிவு செய்துவிட்டான் என்று அர்த்தம். செங்கமலத்தின் கவர் தடித்து இருக்கவேண்டும் என்று ஒரு வாரமாக வேண்டிக்கொள்கிறேன். திட்டி எழுதியிருக்கட்டும், பன்னிரண்டு பக்கம் திட்டட்டும், என் அம்மா காலத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கட்டும். ஒரே தாளாக மட்டும் இருந்துவிடக்கூடாது. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் கேட்டபடியே, என்று நாலு வரி அவளுக்கு எழுதத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவள், வளவளவென்று எழுதுகிற ஆளே இல்லை.

டிங். ஓடிப்போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, மடியிலேயே கிடக்கிறது போன். ஓய்வு பெற்றோர் சங்கத்து ரகோத்தமன் ஒரு ரோஜாப்பூவில் காலை வணக்கம் அனுப்பியிருக்கிறார். மணி பதினொன்றே காலுக்கு என்ன காலை வணக்கம்? அதற்குக் கீழே ஏழு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று ஒரு வீடியோ. உலகத்துக் குப்பையெல்லாம் நொடியில் வந்து மடியில் விழுகிறது, எனக்கு வேண்டிய ஒரே ஒரு கவர் மட்டும் நடந்து வருகிறது. விரல் தானாக நகர்ந்து அவள் பெயருக்குப் போகிறது. பார்க்கக்கூடாது என்று காலையில் காபி குடிக்கும்போது முடிவு செய்திருந்தேன். செங்கமலம். பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு எடுத்த படம், கழுத்தைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறாள், குழந்தை எச்சில் புடவையில் படுவதைப் பற்றிக் கவலையில்லை. கடைசியாகப் பார்த்தது நேற்று மாலை ஆறு பத்து. அதற்கப்புறம் இல்லை. நேற்று மாலையிலிருந்து போனையே தொடவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? இருந்தால் அமுதன் சொல்லமாட்டானா? சொல்லமாட்டான், அப்பாவைக் கலவரப்படுத்தவேண்டாம் என்று இருந்துவிடுவான். சில நாள் இந்தப் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று வரும். அது வந்துவிட்டால் எனக்கு மூச்சு விட வராது. இதோ இருக்கிறாள், இந்த நிமிஷம், என்னைப்போலவே போனைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல இருக்கும். அவள் ஒன்றும் எழுதமாட்டாள். நான் 'செங்கமலம்' என்று அடிப்பேன், அழிப்பேன். 'தப்புதான்' என்று அடிப்பேன், அழிப்பேன். பிறகு அந்த ஆன்லைன் போய்விடும், அவளும் போய்விடுவாள். நாலு வீடு தள்ளி இருப்பவளிடம் கோபித்துக்கொண்டால்கூட அவள் எந்நேரம் விழித்திருக்கிறாள் என்று தெரியாது. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவள் என்னோடு பேசாமல் இருப்பதை மணி நிமிஷத்தோடு காட்டுகிறது இந்தச் சனியன்.

பேர்த்தியோ பேரனோ பிறக்கட்டும், மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனாள். மூன்று ஐந்தாச்சு, ஐந்து ஏழாச்சு. தினம் சாயங்காலம் வீடியோவில் வருவாள். அமுதன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பான், பாதி நேரம் அவளுடைய நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு. என்ன குழம்பு?" இதற்குள் படம் உறைந்துவிடும், வாய் பாதி திறந்தபடி நிற்பாள், நான் "கேக்குதா கேக்குதா" என்று கத்துவேன். ஏழு மாதம் தினமும் பார்த்துக்கொண்டோம், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சொல்ல என்னவெல்லாமோ இருந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்பதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன், அதைச் சொல்லவேண்டும். சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருக்கும் போனிடம் அதை எப்படிச் சொல்வது, மருமகள் நிவேதிதா பின்னால் நடந்துகொண்டிருக்கிறாள். நாற்பத்தொரு நாளைக்கு முன்னால், மத்தியானம் மூன்று மணி, ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நிற்கிறேன், டிங். நிவேதிதாவுக்குப் பிரசவ லீவு முடிகிறது, பங்குனி வரைக்கும் இருந்துவிட்டு வரட்டுமா என்று செங்கமலம் கேட்டிருந்தாள். கேள்விதான் கேட்டிருந்தாள். கேட்டவளிடம் வேண்டாம், வா, நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை என்று சொல்வதை விட்டுவிட்டு என் கட்டைவிரல் என்ன எழுதியது? 'அங்கேயே இரு. நீ இல்லாமல் வீடு நிம்மதியாகத்தான் இருக்கிறது.' எழுதி முடித்த மூச்சு அடங்குவதற்குள் அனுப்பியும் ஆயிற்று. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு அடி நகர்ந்தார், நானும் ஒரு அடி நகர்ந்தேன், நிமிர்ந்து பார்க்கிறேன், இரண்டு நீலக் கோடு. படித்துவிட்டாள். அழித்தேன். அழித்த இடத்தில் அழித்தேன் என்று எழுதி வைக்கிறது, கொலை செய்த இடத்தில் கல் நட்டதுபோல. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்புறம் எனக்கும் திமிர் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீடியோவில் குழந்தையை மட்டும் காட்டினார்கள்.

பதினொன்று நாற்பது. தொட்டிப் பக்கம் யாரோ வருகிறார்கள், இல்லை, அது கீரைக்காரர். மெதுவாவே போகட்டும். முன்னொரு காலத்தில் நான் எழுதியதும் மெதுவாகத்தான் போனது, அதனால்தான் பிழைத்தேன். கல்யாணமாகி இரண்டாம் மாதமே அவளுக்கு வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, அவள் அங்கே, நான் இங்கே. கடிதம் போய்ச்சேர நாலு நாள், மழைக்காலம் என்றால் ஆறு நாள். என்னென்ன சாபம் விட்டிருப்பேன் அந்தத் தபாலுக்கு! அவளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வரும்போது அவள் எழுந்து ஒரு வாரம் பாடம் நடத்தியிருப்பாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டது போய்ச்சேரும்போது அவள் வேறெதற்கோ என்னோடு சண்டை பிடித்து எழுதிய கடிதம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும். மலைப் பனியில் மை ஊறி அவள் எழுத்துகளுக்கெல்லாம் மயிர் முளைத்திருக்கும். அதை முகர்ந்து பார்த்திருக்கிறேன், சொல்ல என்ன வெட்கம், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸில் மற்றவர்களுடைய கடிதங்களைப் பிரித்திருக்கிறேன். ஒரு ஆடி மாதம் எல்லாம் பொறுக்காமல் போய்விட்டது. மத்தியானம் ஆபீஸிலேயே உட்கார்ந்து ஒரு இன்லாண்ட் லெட்டர் எழுதினேன். வேலையை விட்டுவிட்டு வா, இல்லையென்றால் அங்கேயே இரு என்று. அன்றைக்கும் அதே 'அங்கேயே இரு'தான், முப்பத்தாறு வருஷத்தில் புதிதாக ஒரு வசவுகூடக் கற்றுக்கொள்ளவில்லை நான். எச்சில் தொட்டு ஒட்டி, வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, டீ வந்தது, குடித்தேன், டீயோடு பயம் வந்தது. பெட்டி திறக்கிற நேரத்துக்கு ஓடிப்போய் நின்று கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். பெட்டி திறக்க வந்தவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மனு எழுதிப் போஸ்ட்மாஸ்டர்கிட்ட குடுங்க சார். அவரு இன்னிக்கு லீவு, நாளைக்கு வாங்க" என்றார். மனுவையும் நாளைக்கு வாங்கையும் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், எனக்கே திரும்பி வந்தது. பை சாயங்கால வண்டியில் போய்விடுமாம். சரி, அது போனால் நானும் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

திருச்சி, பழனி, பொள்ளாச்சி, அப்புறம் நாற்பது கொண்டை ஊசி வளைவு. மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றபோது செங்கமலம் கையில் சாக்பீஸோடு ஓடிவந்தாள். "என்னங்க, யாருக்கு என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லை, பாக்கணும்போல இருந்துச்சு" என்றேன். பொய்யில்லை அது. அவள் முகம் போன போக்கு, சாக்பீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், உதட்டில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அந்த முகத்துக்காகத்தான் இன்றைக்கும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் கடிதம் இன்னும் வழியில்தான் இருந்தது. மூன்று நாள் அங்கேயே தங்கினேன், தபால் வரும் நேரத்துக்கெல்லாம் சாலைக்குப் போய் நின்றேன். "இந்த ஊருல உங்களுக்கு யாரு லெட்டர் போடுறா?" என்று கேலி செய்தாள். மூன்றாம் நாள் நான் குளிக்கப் போயிருந்தபோது வந்து தொலைத்தது. அவள் "இதென்ன, உங்க கையெழுத்து மாதிரி இருக்கு" என்பது காதில் விழுந்தது, தலை முழுக்கச் சோப்பு, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். "பிரிக்காதே!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தாள். கெட்டிக்காரி, தேதியைப் பார்த்ததுமே புரிந்திருக்கவேண்டும். ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெட்டியைத் திறந்து புடவைக்கு அடியில் வைத்தாள், "கண்ணுல சோப்பு போகுது, போங்க" என்றாள். அந்த இன்லாண்ட் இன்றைக்கும் இருக்கிறது. நான் குரலை உயர்த்தும்போதெல்லாம் "அதை எடுத்துப் பிரிக்கட்டுமா?" என்பாள், நான் அடங்கிவிடுவேன். ஆனால் திருட்டுத்தனமாக என்றைக்காவது பிரித்துப் படித்து மறுபடி ஒட்டியிருப்பாளோ என்று ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. போன வாரம் பீரோவைத் திறந்து பார்த்தேன். காஞ்சிபுரம் புடவைக்கு அடியில், ஓரமெல்லாம் பழுப்பேறி, ஒட்டினது ஒட்டினபடி கிடந்தது. ஒட்டினதைப் பிரித்து ஒட்டினால் எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன். இருந்தாலும் அவள் வாயால் கேட்டதில்லை. அன்றைக்கு என் கடிதத்துக்கு முன்னால் நான் போய் நிற்க முடிந்தது. ரேஷன் கடை வரிசையிலிருந்து எங்கே ஓடினால் அந்த நீலக் கோட்டுக்கு முன்னால் போய் நின்றிருப்பேன்?

ஸ்கூட்டர். தொட்டியைத் தாண்டித் திரும்பிவிட்டது, ஜெயசீலிதான், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு. எழுந்திருக்கக்கூடாது, நேற்று எழுந்து நின்று அசடு வழிந்தது போதும். மருந்துக்கடைக்காரர் வீட்டில் நிற்கிறாள். பக்கத்து வீட்டைத் தாண்டிவிட்டாள். எழுந்துவிட்டேன். "சார், உங்க தொல்லை இன்னியோட விட்டுச்சு" என்று சிரிக்கிறாள், கிரில் வழியாகக் கையை நீட்டுகிறாள். "பதினோரு நாளும்மா ஜெயசீலி" என்கிறேன். "நானா சார் பதினோரு நாள் வச்சிருந்தேன்? காலையில பையில வந்துச்சு, கொண்டாந்துட்டேன். அம்மா எழுத்தா சார்?" தலையாட்டுகிறேன். போய்விட்டாள். கவர் என் கையில் இருக்கிறது. திருமிகு தில்லைநாதன் அவர்கள், என்று எழுதியிருக்கிறாள், திருமிகுவாம், அவர்களாம். பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள், திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கோபமாக எழுதுகிறவர்கள்தான் அப்படி அழுத்துவார்கள். மெல்லிசு. ஒரே தாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்கிறேன், இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கலாம் இல்லையா, இல்லை, ஒரே தாள்தான். நாலு வரி.

உள்ளே வந்து மேஜை இழுப்பறையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்போது ஆபீஸில் ஞாபகத்துக்கு என்று கொடுத்தார்கள். இடது கை கவரை அழுத்துகிறது, ஸ்கேல் மடிப்புக்குள் நுழைந்தாயிற்று, ஒரே இழுப்புதான் பாக்கி. கிழவா, இழு. பிரிக்காத வரைக்கும் அவள் வருவாள் என்றும் வைத்துக்கொள்ளலாம், வரமாட்டாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். பிரித்துவிட்டால் அப்புறம் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நாற்பத்தொரு நாள் தவித்தாயிற்று, இன்னும் ஒரு நிமிஷம் தவித்தால் என்ன. போன் அடிக்கிறது. ரகோத்தமனாக இருந்தால் இன்றைக்கு அவருக்கு இருக்கிறது. செங்கமலம். பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்ட படம் விட்டுவிட்டு எரிகிறது. எடுத்துவிட்டேன்.

"என்னங்க, லெட்டர் வந்துடுச்சா?"

"இப்பதான்."

"பிரிச்சிட்டீங்களா?"

"இல்லை. ஸ்கேலை வச்சிருக்கேன்."

"ஸ்கேலை எடுங்க. பிரிக்காதீங்க. எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். எங்கேருந்து பேசுற? என்ன சத்தம் அது?"

"இருங்க, ஒண்ணும் கேக்கலை."

தடதடவென்று இரும்புச் சத்தம், ஒரு நீளமான பாலத்தில் ரயில் ஏறினால் வருகிற சத்தம். அது ஓயும்வரைக்கும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன். முப்பத்தேழு வருஷமாகச் சென்னையிலிருந்து திரும்பும்போதெல்லாம் நாங்கள் சேர்ந்து கேட்ட சத்தம் அது.

"கொள்ளிடம் பாலமா?" என்றேன்.

"ஆமா. தாண்டியாச்சு. அதை எழுதினப்ப இருந்த கோவம் பெட்டியில போட்ட மறுநாளே போயிடுச்சு. இன்னொண்ணு எழுதலாம்னா, அது எப்ப வந்து சேரும்? அமுதன்கிட்டயும் சொல்லாதேடான்னுட்டேன். முந்தாநாள் ஏறினேன், போன் நேத்தே தீந்துபோச்சு, இப்ப எதிர் சீட்டுப் பொண்ணு சார்ஜ் போட்டுக் குடுத்துச்சு. நாப்பது நாளா டைப்பிங் டைப்பிங்னு காட்டுது, ஒரு வார்த்தை வரலை. அப்படி என்னதான் எழுதினீங்க?"

"உன் பேருதான்" என்றேன். சீர்காழி சீர்காழி என்று யாரோ கத்துவது கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா செங்கமலம்? என்னோட அந்த இன்லாண்ட்டை நீ என்னிக்காவது பிரிச்சிருக்கியா?"

"அதை எதுக்குப் பிரிக்கணும்? நீங்கதான் அதுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே."

பீரோவைத் திறந்து, காஞ்சிபுரம் புடவையைத் தூக்கி, பழுப்பேறிய இன்லாண்ட்டின் மேல் இந்தக் கவரை வைத்து மூடினேன். தட்டைக் கழுவினேன். இரண்டு டம்ளரை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.